பிறரைக் காக்கும் கைகள் தம்மையும் காக்கட்டும்

நோயற்ற வாழ்வே குறைவற்ற செல்வம் என்பது எமது முன்னோர் வாக்கு. எமது பாடசாலைப் பிள்ளைகள் இதனைப் பழமொழிகளுள் ஒன்றாக மனனம் செய்து, பரீட்சையில் எழுதிப் புள்ளியும் பெறுகின்றனர். பெற்றோராகிய நாமோ இச்செல்வத்தைத் தேட நேரமில்லை எனக் கூறி, ஏனைய செல்வங்களின் பின்னே ஓடிக்கொண்டிருக்கின்றோம். பலெர்மோ நகரில் வாழும் தமிழர்களாகிய நாம் நலத்துடன் நெடிது வாழ்வதற்கு அன்றாடம் செய்யத்தக்கன யாவை என்பதை இந்த ஆண்டுவிழா மலரின் வாயிலாகப் பெற்றோரும் பிள்ளைகளும் ஒருங்கே சிந்திக்க வேண்டுமென விழைகின்றோம்.

இந்நகரின் காலைப் பேருந்துகளை ஒருகணம் நோக்குவோம். எம்மவர் பலர் இத்தாலிய முதியோரின் இல்லங்களுக்குப் பணிக்குச் செல்கின்றனர். அங்கே குருதியமுக்கத்தை அளந்து குறித்து வைக்கின்றனர். காலை மாத்திரை எது, மாலை மாத்திரை எது எனப் பிரித்து நேரந்தவறாது கொடுக்கின்றனர். உப்பைக் குறைத்து மரக்கறிச் சூப்பு ஆக்குகின்றனர். வெயில் தணிந்ததும் முதியவரின் கையைப் பற்றிப் பூங்காவுக்கு நடத்திச் செல்கின்றனர். எண்பது, தொண்ணூறு வயது வரை அம்முதியோர் வாழ்வதில் எம்மவரின் கைகளுக்கும் பங்குண்டு.

அதே கைகள் இரவில் வீடு திரும்பியதும் செய்வது யாது? பகல் முழுவதும் தேநீராலும் விசுக்கோத்தாலும் காலத்தைப் போக்கிய களைப்பில், பத்து மணிக்குக் கோப்பை நிறையச் சோற்றைக் குவித்து உண்கின்றோம். உண்ட கையோடு தொலைக்காட்சியின் முன் அமர்ந்து, பின் உறங்கச் செல்கின்றோம். தலைச்சுற்று வந்தால் “வேலைக் களைப்பு” என்கின்றோம். எமது குருதியமுக்கம் எத்தனை என்று கேட்டால் எம்மில் எத்தனை பேரால் விடை கூற முடியும்? பிறர் வீட்டு முதியவரின் அளவு மட்டும் நாள்தோறும் எமது நினைவில் நிற்கின்றது.

திருக்குறளில் “மருந்து” என்னும் 95ஆம் அதிகாரத்தைப் பிள்ளைகள் அறிவர். அதில் எந்தவொரு மூலிகையின் பெயரும் இல்லை. பத்துக் குறள்களில் ஆறு, உண்ணும் முறையைப் பற்றியே பேசுகின்றன. முன் உண்டது செரித்த பின்னரே உண்ணுதலும், அளவறிந்து உண்ணுதலுமே உடலை நெடுங்காலம் பேணும் வழி என வள்ளுவர் உரைக்கின்றார். இறுதிக் குறளில் நோயுற்றவர், மருத்துவர், மருந்து, அருகிலிருந்து பணிவிடை செய்பவர் என மருத்துவத்தை நான்காக வகுக்கின்றார். அந்த நான்காமவரை “உழைச்செல்வான்” என அவர் அழைத்தார். பலெர்மோவில் அந்த நான்காம் இடத்தில் நிற்போர் நாமே. உழைச்செல்வோர் தம் உடலையும் பேண வேண்டும் என்பதே எமது கருத்து. அதற்குரிய அறிவை நாம் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. பணியிடத்தில் விட்டுவிட்டு வருவதை வீட்டுக்கும் கொண்டுவந்தால் போதுமானது.

எமக்கு ஏன் கூடுதல் கவனம்?

இத்தாலி உலகில் நீண்ட ஆயுள் கொண்ட நாடுகளுள் ஒன்று. இங்கு பிறப்போரின் சராசரி ஆயுள் எதிர்பார்ப்பு 83 ஆண்டுகளுக்கு மேற்பட்டது. ஆயினும் இந்நாட்டில் குடியேறியதனால் மட்டும் அந்த ஆயுள் எம்மை வந்தடையாது. தெற்காசிய மக்களுக்கு நீரிழிவும் இதய நோயும் ஐரோப்பியரைவிட இளவயதிலேயே வருகின்றன. பருத்த உடலில்லாதோருக்கும் வருகின்றன. வெளித்தோற்றத்தில் மெலிந்த எம்மவரின் வயிற்றுப் பகுதியில் கொழுப்புச் சேர்வது இதற்கு ஒரு காரணமாகும்.

இதனாலேயே எமக்கென வேறு அளவுகோல்கள் வகுக்கப்பட்டுள்ளன. கிலோகிராமில் உள்ள எடையை, மீற்றரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். ஐரோப்பியருக்கு அந்த எண் 25ஐ எட்டும்போதே எச்சரிக்கை. ஆசியருக்கோ 23ஐ எட்டும்போதே கவனம் வேண்டுமென உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு 2004ஆம் ஆண்டில் பரிந்துரைத்தது. தெற்காசிய ஆண்களின் இடுப்புச் சுற்றளவு 90 சென்ரிமீற்றருக்கும், பெண்களினது 80 சென்ரிமீற்றருக்கும் உட்பட்டிருத்தல் நலம். தையற்காரரின் அளவு நாடாவே இதற்குப் போதுமான கருவி. உயர்தர வகுப்பு மாணவர்கள் இக்கணக்கைத் தம் பெற்றோருக்குச் செய்து காட்டலாம்.

இது விதி என்று சோர்ந்துவிடவும் வேண்டியதில்லை. சென்னையில் வைத்தியர் அ. இராமச்சந்திரனும் அவரது குழுவினரும் நடத்தி 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு ஒன்று எமக்கு வழிகாட்டுகின்றது. நீரிழிவின் வாசலில் நின்ற 531 பேரை அவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கவனித்தனர். வழமைபோல் வாழ விடப்பட்டோரில் நூற்றுக்கு 55 பேர் நீரிழிவு நோயாளர் ஆகினர். நாள்தோறும் அரைமணி நேரம் நடத்தல், சீனியையும் தீட்டிய தானியங்களையும் குறைத்தல் ஆகிய அறிவுரைகளைப் பெற்றோரில் அத்தொகை 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் பெற்றோரிலும் ஏறக்குறைய அதே அளவு குறைவே காணப்பட்டது. எமது இரத்தமும் எமது உணவுப் பழக்கமும் கொண்ட மக்களிடையே நடைபெற்ற ஆய்வு இது. நடையும் அளவான உணவும் மாத்திரைக்கு நிகராக நின்றன என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

கால்கள் தரும் மருந்து

ஊரில் எமது பெற்றோர் உடற்பயிற்சி என்ற சொல்லை அறியாமலே அதைச் செய்தனர். தோட்டத்துக்குத் துலா மிதித்தனர். கிணற்றில் நீர் அள்ளினர். சந்தைக்கும் கோயிலுக்கும் நடந்தனர், அல்லது துவிச்சக்கர வண்டி மிதித்தனர். நகரம் அவ்வுழைப்பை எம்மிடமிருந்து பறித்துவிட்டது. “நாள் முழுவதும் நின்று வேலை செய்கின்றோமே, அது போதாதா?” என்று கேட்போர் உளர். ஒரே இடத்தில் நிற்பதால் கால் வீங்கும், இதயம் வலுப்பெறாது. நெஞ்சு சற்று விரைந்து துடிக்குமாறு இடைவிடாது அசைவதே பயன் தரும்.

இதனை முதன்முதலில் தெளிவுறக் காட்டியோருள் ஒருவர் வைத்தியர் ஜெரமி மொறிஸ். இலண்டனின் இரட்டைத்தட்டுப் பேருந்துகளின் சாரதிகளையும் நடத்துநர்களையும் அவர் ஒப்பிட்டார். இருசாராரும் ஒரே வண்டியில், ஒரே வீதியில், ஒரே வகையான குடும்பப் பின்னணியில் வாழ்ந்தோர். சாரதி நாள் முழுவதும் அமர்ந்திருந்தார். நடத்துநரோ பயணச்சீட்டு விற்பதற்காக நாளொன்றுக்கு 500 முதல் 750 படிகள் ஏறினார். நடத்துநர்களிடையே இதய நோய் குறைவு என்பதை 1953ஆம் ஆண்டில் அவர் வெளியிட்டார். அவர்கள் விளையாட்டு வீரர்கள் அல்லர்; தம் தொழிலின் போக்கிலேயே படியேறியவர்கள்.

பலெர்மோவின் பழைய கட்டடங்களில் படிக்கட்டுக்குப் பஞ்சமில்லை. மூன்றாம் மாடி வரையேனும் மின்தூக்கியைத் தவிர்ப்போம். ஒரு தரிப்பிடம் முன்னதாகப் பேருந்திலிருந்து இறங்கி மீதித் தூரத்தை நடப்போம். போரோ இத்தாலிக்கோ கடற்கரைப் புற்றரையும், பவொரீத்தா பூங்காவும் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன. வளர்ந்தோருக்கு வாரம் 150 நிமிடங்களேனும் விரைந்த நடை போன்ற அசைவும், பிள்ளைகளுக்கு நாள்தோறும் சராசரியாக ஒரு மணி நேர ஓட்டமும் ஆட்டமும் வேண்டுமென்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. 150 நிமிடங்கள் என்பது வாரத்தில் ஐந்து நாட்கள், நாளுக்கு அரைமணி நேரமே.

இவ்விடத்தில் மொந்தே பெல்லெக்ரீனோ மலையை மறத்தல் ஆகாது. 606 மீற்றர் உயரமுடைய இம்மலையின் குகையில் புனித ரொசாலியாவின் திருத்தலம் அமைந்துள்ளது. 1624ஆம் ஆண்டுக் கொள்ளைநோயிலிருந்து நகரைக் காத்தவராக இந்நகர மக்கள் அவரைப் போற்றுகின்றனர். எம்மவரில் கத்தோலிக்கரும் சைவரும் வேறுபாடின்றி ஞாயிற்றுக்கிழமைகளில் அம்மலைப் பாதையில் ஏறி வருவது இந்நகரத்தார் நன்கறிந்த காட்சி. நேர்த்திக்காகவும் நன்றிக்காகவும் ஏறும் அந்த நடை உடலுக்கும் மருந்தாகின்றது. நல்லூர்த் தேருக்கும், மடுவுக்கும், கதிர்காமத்துக்கும் கால்நடையாகச் சென்ற மரபினர் நாம். ஆண்டுக்கு ஒருமுறை ஏறுவோர் மாதத்துக்கு ஒருமுறை ஏறட்டும். வாகனத்தில் செல்வோர் பாதி வழியேனும் நடக்கட்டும். நெஞ்சு நோவோ மூச்சிளைப்போ உள்ளவர்கள் மட்டும் வைத்தியரின் அனுமதியைப் பெற்றபின் ஏறுதல் வேண்டும்.

பல்லரோச் சந்தையும் எமது அடுக்களையும்

மத்தியதரைக் கடல் நாடுகளின் உணவுமுறையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுச் செல்வமாக யுனெஸ்கோ 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. இவ்வுணவுமுறையின் சிறப்பை உலகறியச் செய்தவர் ஆன்செல் கீஸ் என்னும் அமெரிக்க அறிஞர். 1958ஆம் ஆண்டில் தொடங்கி ஏழு நாடுகளின் மக்களுடைய உணவையும் இதய நலத்தையும் அவர் ஒப்பிட்டார். தென்னித்தாலியின் பியோப்பி என்னும் கடலோரச் சிற்றூரிலே பல்லாண்டுகள் வாழ்ந்த அவர், நூறு வயதை நிறைவுசெய்து 2004ஆம் ஆண்டில் காலமானார். அவர் போற்றிய உணவு செல்வந்தரின் விருந்தன்று. மரக்கறி, பருப்பு வகை, மீன், பழம், ஒலிவ் எண்ணெய், சிறிதளவு இறைச்சி என்பன கொண்ட ஏழைக் குடியானவரின் உணவே அது.

பல்லரோச் சந்தையில் நடந்து பார்ப்போர்க்கு ஓர் உண்மை புலனாகும். அந்த உணவு எமக்கு அந்நியமானதன்று. கோடைகாலத்தில் அங்கு “தெனெரூமி” என்னும் பெயரில் கட்டுக்கட்டாக விற்கப்படும் கீரை யாது? சுரைக்கொடியின் இளந்தளிரே அது. பாம்புபோல் நீண்டு தொங்கும் அவர்களது காயும் எமது சுரைக்காயின் இனமே. அவர்கள் கடலை மாவில் “பனெல்லே” செய்கின்றனர்; நாமும் கடலை மாவை நன்கறிவோம். பெருஞ்சீரகச் செடியின் தழையைச் சாளை மீனுடன் சேர்த்துப் பாஸ்ரா ஆக்குகின்றனர். நெத்தலியும் சாளையும் அங்கு மலிவான மீன்கள். இதயத்துக்கு நலந்தரும் கொழுப்பு நிறைந்தவை. காய்ந்த போஞ்சியும் கடலையும் பயறும் சாக்குகளில் குவிந்து கிடக்கின்றன. விமானத்தில் வந்து வாடி விலையேறிய மரக்கறியை மட்டுமே “எங்கட சாப்பாடு” எனக் கருதாது, இம்மண்ணில் விளைவதைக் கறியாக்கி உண்போம். தெனெரூமியைப் பருப்புடனும் தேங்காய்ப் பாலின் சில துளிகளுடனும் ஆக்கிப் பார்த்தோர் அதன் சுவையை அறிவர்.

சோற்றை விலக்க வேண்டுமென்று எவரும் கூறவில்லை. கோப்பையின் பாதியை மரக்கறிக்கும் கீரைக்கும் ஒதுக்கி, கால்பங்கைப் பருப்புக்கோ மீனுக்கோ தந்து, எஞ்சிய கால்பங்கில் சோற்றை வைப்போம். இயன்றவரை தவிடு நீக்காத அரிசியையும் குரக்கன் மாவையும் பயன்படுத்துவோம். ஊரில் ஒடியற் கூழும் குரக்கன் பிட்டும் உண்ட எமது பாட்டனார் பாட்டிமார் எம்மைவிட அறிவிற் குறைந்தோர் அல்லர். இரவு உணவை இயன்றவரை முந்தி, குறைவாக உண்போம்.

உப்பும் சீனியும் குறித்து ஒரு சிறு கணக்கு. ஒருவருக்கு நாளொன்றுக்கு ஐந்து கிராமுக்குக் குறைவான உப்பே தகும். அது ஒரு தேக்கரண்டியளவு. கருவாடும் ஊறுகாயும் மிக்சரும் ஒரே நாளில் கூடினால் அவ்வளவு எளிதில் மீறப்படும். உணவில் சேர்க்கும் சீனி நாளொன்றுக்கு 25 கிராமுக்கு, அதாவது ஏறத்தாழ ஆறு தேக்கரண்டிக்கு உட்பட்டிருத்தல் சிறந்தது. இரண்டு கரண்டிச் சீனியுடன் ஐந்து தேநீர் அருந்துவோர் தேநீரில் மட்டுமே பத்துக் கரண்டி உட்கொள்கின்றனர். வாரத்துக்கு அரைக்கரண்டி வீதம் குறைத்து வந்தால் இரண்டு மாதத்தில் நாவு பழகிவிடும்.

பிள்ளைகளின் உணவு குறித்தும் பேசியாக வேண்டும். தென்னித்தாலியில் சிறுவரின் உடற்பருமன் வடபகுதியைவிடக் கூடுதலாக உள்ளது. மத்தியதரை உணவின் தாயகத்திலேயே பிள்ளைகள் அவ்வுணவை விட்டு விலகிக் குளிர்பானத்துக்கும் பொரித்த தின்பண்டங்களுக்கும் சென்றுவிட்டனர். எமது பிள்ளைகள் இருபுறத்துத் தீமையையும் ஒருங்கே பெறக்கூடாது. ரோல்ஸும் வடையும் ஒருபுறம், அரஞ்சினேயும் இனிப்புப் பானமும் மறுபுறம் என்றால் அந்த இளம் உடல் எவ்வாறு தாங்கும்? இவையெல்லாம் திருநாட்களுக்கு உரியவை. நாள்தோறும் திருநாள் கொண்டாடும் உடல் விரைவில் களைத்துவிடும்.

உறக்கமும் ஓய்வும்

காலையில் ஓரிடம், மாலையில் வேறிடம் என இருவேலை பார்க்கும் பெற்றோர் பலர். ஊரிலுள்ள உறவுகளுக்குப் பணம் அனுப்பும் பொறுப்பும், வீட்டு வாடகையும் அவர்களை ஓயவிடுவதில்லை. அவர்களைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. ஆயினும் வளர்ந்தோருக்கு ஏழு மணி நேர உறக்கம் இன்றியமையாதது. அதைத் தொடர்ந்து குறைப்போரிடம் குருதியமுக்கமும் நீரிழிவும் கூடுதலாகக் காணப்படுகின்றன. பிள்ளைகளுக்கு ஒன்பது மணி நேரமேனும் உறக்கம் வேண்டும். கைத்தொலைபேசியைப் படுக்கையறைக்கு வெளியே வைத்தல் ஒவ்வொரு வீட்டிலும் சட்டமாகட்டும். அச்சட்டம் தந்தைக்கும் தாய்க்கும் பொருந்துவதாகுக.

முதியோரின் வீட்டிலேயே தங்கிப் பணிபுரிவோர் தம் உரிமையை அறிந்திருத்தல் வேண்டும். இத்தாலியில் வீட்டுப் பணியாளருக்கான தேசியக் கூட்டு ஒப்பந்தம், அவ்வாறு தங்கியிருப்போருக்கு நாள்தோறும் தொடர்ச்சியான 11 மணி நேர ஓய்வையும், வாரத்துக்கு 36 மணி நேர ஓய்வையும் வழங்குகின்றது. ஓய்வு என்பது முதலாளியின் இரக்கத்தால் கிடைக்கும் கொடையன்று. நலிந்த உடலுடன் நிற்கும் பணியாளரால் முதியவரையும் நன்கு பேண இயலாது என்பதைப் பணிவுடன் எடுத்துரைக்கத் தயங்கவேண்டாம்.

கோடை வெப்பம் மற்றொரு சோதனை. 2021ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் நாள் இத்தீவின் சிராக்கூசா அருகே 48.8 பாகை வெப்பம் பதிவாயிற்று. ஐரோப்பாக் கண்டத்தின் மிகக் கூடிய வெப்பமாக உலக வானிலை அமைப்பு அதனை ஏற்றுள்ளது. “நாம் வெப்பநாட்டவர், எமக்கு ஒன்றும் ஆகாது” என்ற எண்ணம் தவறானது. நண்பகலில் வெளியே அலைவதைத் தவிர்த்து, தாகம் எடுக்குமுன் நீர் அருந்தி, தனித்திருக்கும் முதியோரையும் கர்ப்பிணித் தாய்மாரையும் விசாரித்து வருவோம்.

புகையிலை குறித்து நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. பிரித்தானிய வைத்தியர்களையே ஐம்பது ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த றிச்சர்ட் டோல் குழுவினர், புகைப்போர் சராசரியாகப் பத்து ஆண்டு ஆயுளை இழப்பதை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டனர். நாற்பது வயதில் விட்டவர் இழக்கவிருந்த பத்தில் ஒன்பது ஆண்டுகளையும், அறுபதில் விட்டவரும் மூன்று ஆண்டுகளையும் மீட்டனர். ஆகவே காலங் கடந்துவிட்டது என்று எவரும் கூற இயலாது. விழாக்களின் பின்புறத்தில் வாகனங்களருகே கூடி அருந்தும் மதுவும் இதே வரிசையில் அடங்கும். பிள்ளைகள் பார்க்கவில்லை என நாம் எண்ணுகின்றோம், அவர்கள் பார்க்கின்றனர்.

வைத்தியரிடம் யார் பேசுவது?

1978ஆம் ஆண்டின் 833ஆம் இலக்கச் சட்டத்தால் இந்நாட்டில் தேசிய சுகாதார சேவை உருவாயிற்று. வதிவிட அனுமதியுடன் பணிபுரியும் ஒவ்வொருவரும் அதில் பதிந்து, சுகாதார அட்டையும் குடும்ப வைத்தியரும் பெறலாம். அனுமதிப்பத்திரம் இல்லாதோரும் அவசரமான, இன்றியமையாத சிகிச்சையைப் பெற 1998ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்கின்றது. அதற்காக அவர்களை அதிகாரிகளிடம் காட்டிக்கொடுத்தலையும் அச்சட்டம் தடுக்கின்றது. 25 முதல் 64 வயது வரையான பெண்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்ப் பரிசோதனையும், 50 முதல் 69 வயது வரை மார்பகப் பரிசோதனையும், அதே வயது ஆண் பெண் இருபாலாருக்கும் பெருங்குடற் பரிசோதனையும் இலவசம். அதற்கான அழைப்புக் கடிதம் வீட்டுக்கு வரும்போது அதனை விளம்பரத் தாளென எண்ணிக் குப்பையில் இடவேண்டாம்.

இங்குதான் எமது குடும்பங்களின் ஒரு வேதனையைக் கூறியாக வேண்டும். தாய்க்கோ தந்தைக்கோ நோய் வந்தால், பத்து வயதுப் பிள்ளை மொழிபெயர்ப்பாளராக வைத்தியரின் முன் அமர்கின்றது. தாய் தன் உடலின் அந்தரங்கத்தைத் தன் மகனிடம் எவ்வாறு கூறுவாள்? கூறாமலே விடுகின்றாள். வைத்தியர் கூறும் அச்சந்தரும் சொல்லை முதலில் கேட்பதும் அப்பிள்ளையே. அதனைத் தமிழில் சொல்லத் தெரியாமலோ, சொல்லத் துணியாமலோ, “ஒன்றுமில்லையாம் அம்மா” எனக் கூறிவிடும் பிள்ளைகளும் உளர். அந்தப் பாரம் பிள்ளையின் தோளுக்கு உரியதன்று. இந்நகரில் பல்லாண்டு வாழ்ந்த பெற்றோர் தம் நோயைக் கூறுமளவுக்கேனும் இத்தாலிய மொழியைக் கற்க வேண்டும். மொழியறிந்த வளர்ந்தோர் துணைக்குச் செல்ல வேண்டும். தமிழ் கற்கப் பிள்ளைகளை வற்புறுத்தும் நாம், எமக்குரிய மொழிப்பாடத்தைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது.

நேரமில்லை என்னும் மறுமொழி

இவற்றையெல்லாம் கேட்டபின், “நல்ல கருத்துக்கள்தாம்; ஆனால் நேரமில்லை” என்பர் பலர். அவர்களின் களைப்பை நாம் அறிவோம். எனினும் படியேறுதல், சீனியைக் குறைத்தல், உப்பை அளத்தல், கோப்பையின் பங்கை மாற்றுதல் ஆகிய நான்கிற்கும் நேரம் வேண்டியதில்லை. நேரம் வேண்டியது நடைக்கும் பரிசோதனைக்குமே. பாரிசவாதத்தால் ஒரு கை செயலிழந்தபின் வைத்தியசாலையில் கழிக்கும் மாதங்களோடு ஒப்பிட்டால், நாளுக்கு அரைமணி நேரம் பெரிய செலவன்று.

“எங்கள் பாட்டன் சுருட்டுப் பிடித்துத் தொண்ணூறு வயது இருந்தார்” என்பது மற்றொரு மறுமொழி. அந்தப் பாட்டன் விடியற்காலையில் எழுந்து தோட்டம் கொத்தியதையும், மாலையில் திண்ணையில் நாலுபேருடன் இருந்து பேசியதையும் அவர்கள் மறந்துவிடுகின்றனர். திண்ணைப் பேச்சும் ஒரு மருந்தே. பூட்டிய கதவுகளுக்குப் பின்னே வாழும் நகரத்தில் தனிமை உடலை அரிக்கின்றது. வாரத்துக்கு ஒருமுறை ஒரு வீட்டுக்குச் சென்று வருதலும், ஒரு முதியவரை நலம் விசாரித்தலும் நல்ல பழக்கங்களே.

மேலும் ஒன்று. எமது பிள்ளைகளில் பலர் தம் பாட்டனார் பாட்டிமாரைத் தொலைபேசியிலேயே கண்டு வளர்ந்தோர். 1980களிலும் 1990களிலும் இளையோராக இங்கு வந்த பெற்றோர் இப்போது முதுமையின் வாசலில் நிற்கின்றனர். பலெர்மோத் தமிழ்ச் சமூகத்தில் பேரப்பிள்ளைகளைத் தம் மடியில் இருத்தி ஊர்க்கதை சொல்லும் தலைமுறை இவர்களே ஆவர். தமிழ் அடுத்த தலைமுறைக்குச் செல்வது பாடப்புத்தகத்தால் மட்டுமன்று. பாட்டியின் வாயாலும் அது செல்லவேண்டும். அறுபது வயதில் தாய் தந்தையரை இழக்கும் குடும்பத்தில் அந்த வாய்ப்பு அடைபட்டுப்போகும். ஆகவே எமது உடலைப் பேணுதல் மொழியைப் பேணுதலின் ஒரு பகுதியே என நாம் துணிந்து கூறுகின்றோம்.

பாடசாலை செய்யத்தக்கவை

சொல்லோடு நில்லாது, எமது பாடசாலைச் சமூகத்தின் முன் சில வேண்டுகோள்களை வைக்கின்றோம். முதலாவதாக, பிள்ளைகள் வகுப்பில் இருக்கும் நேரத்தில் வாகனத்தினுள்ளும் வாசற்படியிலும் காத்திருக்கும் பெற்றோர் கூட்டமாக ஒரு மணி நேரம் நடந்து வரலாம்; இதற்குச் செலவில்லை, தனி நேரமும் வேண்டியதில்லை. இரண்டாவதாக, இடைவேளை உணவில் குளிர்பானத்தை நிறுத்தி, நீரும் தோடம்பழமும் கடலைச் சுண்டலும் வழங்கலாம். மூன்றாவதாக, குருதியமுக்கக் கருவி ஒன்றைப் பாடசாலையில் வைத்து, மாதத்துக்கு ஒருமுறை பெற்றோரின் அளவைக் குறித்துக் கொடுக்கலாம். முதியோருக்கு அளந்து பழகிய கைகள் எம்மிடையே நிறைய உண்டு. நான்காவதாக, உடலுறுப்புக்கள், நோய்கள், மருந்துகள் ஆகியவற்றின் பெயர்களைத் தமிழிலும் இத்தாலிய மொழியிலும் தரும் சிறு ஏடு ஒன்றை உயர்வகுப்பு மாணவர் தொகுக்கலாம். ஐந்தாவதாக, ஆண்டுதோறும் ஒருநாளைக் குறித்து, பெற்றோர், ஆசிரியர், மாணவர் அனைவரும் மொந்தே பெல்லெக்ரீனோ மலைப்பாதையில் ஒன்றாக ஏறலாம்.

ஏற்கெனவே மருந்துண்போர் இவ்வழக்கங்களால் நலம் கண்டாலும், வைத்தியரைக் கேளாது மருந்தை நிறுத்துதல் கூடாது என்பதையும் நினைவூட்டுகின்றோம்.

பிள்ளைகளே, இன்றிரவு வீட்டுக்குச் சென்றதும் உங்கள் அம்மாவிடமும் அப்பாவிடமும் ஒரு கேள்வி கேளுங்கள்: “உங்கள் குருதியமுக்கத்தைக் கடைசியாக எப்போது பார்த்தீர்கள்?” விடை தெரியவில்லையாயின் விடாது கேளுங்கள். பெற்றோரே, அக்கேள்வியைக் குறும்பென எண்ணிக் கடிந்துகொள்ளாதீர்கள். பிறர் வீட்டு முதியோரை இத்தனை ஆண்டுகள் அன்புடன் காத்த கைகள் தம்மையும் காக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவிலும், அதன்பின் வரும் பற்பல விழாக்களிலும், முன்வரிசையில் பாட்டனார் பாட்டிமாராக நாம் அமர்ந்திருந்து, பேரப்பிள்ளைகளின் தமிழைக் கேட்டு மகிழ இன்றே உறுதி பூணுவோமாக.